ஈ-டைப்புக்கு அடியில் ஒரு எட்டு!

ஜாகுவார் ஈ-டைப்பைப் பார்த்தால் எல்லோர் கண்ணும் முதலில் அந்த நீள மூக்கின் மேல்தான் விழும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் பக்கவாட்டில் போய் நின்று பெருமூச்சு விடுவார்கள். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1996-ல் ஓர் ஈ-டைப்பைத் தன் சேகரிப்பிலேயே சேர்த்துக்கொண்டது. அங்கே போய்க் குனிந்து அடியில் எட்டிப்பார்த்தால் காவலர் சும்மா விடுவாரா? நமக்கு அந்தக் கவலை இல்லை. வண்டி லிஃப்டில் ஏறியாகிவிட்டது, கைவிளக்கு எரிகிறது, கிரீஸ் கன் தயார். தலையை இடித்துக்கொள்ளாமல் வாருங்கள்!

அடேயப்பா! பின்சக்கரங்களுக்கு நடுவே ஓர் இரும்புக் கூண்டு. அதற்குள் டிஃபரென்ஷியல். அதன் இரண்டு பக்கமும் பிரேக் டிஸ்க். ஆமாம், பின் பிரேக் சக்கரத்தில் இல்லை, வண்டியின் நட்டநடுவில்! டிஸ்கைத் தாண்டி இடமொன்று வலமொன்றாக ஹாஃப் ஷாஃப்ட். பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஸ்பிரிங். இத்தனையையும் கூண்டோடு சேர்த்து ரப்பர் மவுண்டில் தொங்கவிட்டிருக்கிறார்கள். இப்படி ஒன்றை ஒரு மாதத்தில் செய்ய முடியாது என்று முதலாளி வில்லியம் லயன்ஸ் ஐந்து பவுண்டு பந்தயம் கட்டினாராம். பொறியாளர் பாப் நைட் 27 நாளில் செய்து காட்டினாராம். ஜாகுவார் பிரியர்கள் சலிக்காமல் சொல்லும் கதை இது. அமெரிக்க ஹாட் ராட் பைத்தியங்களுக்கோ இந்தக் கூண்டின் மேல் தனி மோகம். பழைய ஜாகுவாரிலிருந்து முழுசாக இறக்கி, குரோம் பூசி, ஊரே பார்க்கிற மாதிரி தங்கள் வண்டியில் மாட்டிக்கொண்டார்கள். ஒளித்துவைக்க வேண்டிய சாமானா இது!

இப்போது விளக்கை அந்த ஹாஃப் ஷாஃப்டின் மேல் அடியுங்கள். வயிற்றைக் கலக்கும் சங்கதி இங்கேதான். நான்கு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் வண்டிகள் பலவற்றில் சக்கரத்தைப் பிடித்திருக்க மேலே ஒரு கை, கீழே ஒரு கை இருக்கும். ஷாஃப்டுக்குச் சுற்றுவது மட்டும்தான் வேலை. இங்கே மேல் கையைத் தேடிப் பாருங்கள். கிடையாது! அந்த வேலையும் ஷாஃப்டின் தலையில்தான். என்ஜினின் இழுவையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவதும் அதுதான், வளைவில் சக்கரம் சாயாமல் நிறுத்திவைப்பதும் அதுதான். நீண்டு சுருங்க அதற்கு அனுமதி இல்லை, ஒரே நீளம். சக்கரம் நிற்கும் சாய்வைத் திருத்த வேண்டுமென்றால்கூட ஷாஃப்டின் உள்முனையில் ஷிம் தகடு வைத்துத்தான் திருத்துகிறார்கள்.

அந்த ஷாஃப்டின் இரு முனையிலும் இருப்பது யுனிவர்சல் ஜாயின்ட். நம்மூர் மெக்கானிக்குகள் ‘கிராஸ்’ என்கிறார்களே, அதே சாமான். லாரிக்கு அடியில் குனிந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். நான்கு கால் கொண்ட எஃகுச் சிலுவை. ஒவ்வொரு காலிலும் ஒரு கப். கப்புக்குள் வட்டமாக நீடில்கள், அதாவது ஊசி போன்ற உருளைகள். 17-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் பெயரில் நிலைத்துவிட்ட விஷயம். இன்னும் முன்னால் போனால் இத்தாலியின் கார்டானோ வரை இதன் வம்சம் நீளும். ஈ-டைப்பில் ஹாஃப் ஷாஃப்ட்களில் நான்கு கிராஸ், கியர்பாக்ஸிலிருந்து வரும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் இரண்டு. ஆக ஆறு கிராஸ், 24 கப். 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சிக்கு இன்னொரு வண்டி உடனே வேண்டும் என்றதும், ஜாகுவாரின் சோதனை ஓட்டுநர் நார்மன் டெவிஸ் கோவென்ட்ரியிலிருந்து இரவோடு இரவாக ஓர் ஈ-டைப்பை விரட்டிக்கொண்டு போனார் அல்லவா? அந்த ராத்திரி முழுக்க அவருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தவையும் இவைதான்!

சரி, கிரீஸ் கன்னை எடுப்போம். முதலில் சிலுவையில் கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துடைக்காமல் அடித்தால் அதன் வாயிலிருக்கும் மண்ணையும் சேர்த்து உள்ளே ஏற்றுகிறோம். நிப்பிள் மேலே ஒளிந்திருக்கிறதா? சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள், தானாகக் கீழே வந்து முகம் காட்டும். கன்னை மாட்டி நிதானமாக அழுத்துங்கள். சிலுவையின் நடுவில் புகுந்த கிரீஸ், நான்கு கால்களுக்குள்ளும் துளைத்த பாதைகளில் பிரிந்து ஓடுகிறது. ஒரு அழுத்து, இரண்டு அழுத்து… அதோ! ஒரு கப்பின் சீல் ஓரத்தில் பழைய கிரீஸ் இடியாப்பம் பிழிகிற மாதிரி நெளிந்து வருகிறது! முதலில் கறுப்பு, அப்புறம் பழுப்பு, கடைசியில் பளிச்சென்று புதுசு.

கைதட்ட அவசரப்படாதீர்கள். நான்கு சீலிலும் வர வேண்டும். மூன்றில் வந்து ஒன்று மட்டும் வாயைத் திறக்கவில்லையென்றால் அந்தக் கால் பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். ஷாஃப்டை அந்தக் கப்புக்கு எதிர்ப்பக்கமாக லேசாக நெம்பிப் பிடித்துக்கொண்டு மறுபடி அடிக்க வேண்டும். பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். வராவிட்டால், அல்லது செங்கல்பொடி மாதிரிச் சிவந்த தூள் வந்தால், கிரீஸ் கன்னைக் கீழே வைத்துவிடலாம். உள்ளே நீடில்கள் துருவோடு அரைபட்டு முடிந்த கதை அது. அதற்கு மேல் கிரீஸ் அடிப்பது மனசை ஆற்றிக்கொள்ளத்தான்.

விசித்திரம் என்னவென்றால், ஓடித் தேய்ந்த வண்டியைவிட உறை போட்டு நிறுத்திவைத்த வண்டியில்தான் இந்தச் சாவு அதிகம் காத்திருக்கும். சுற்றாத ஜாயின்டில் நீடில்கள் ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்கின்றன. நடுவிலிருந்த கிரீஸ் படலம் விலகிவிடுகிறது. ஈரம் புகுந்தால் காலின் மேல் வரிவரியாகப் பள்ளம். ‘என் வண்டி ஓடவே இல்லையே, எதற்கு கிரீஸ்?’ என்று கேட்கும் உரிமையாளரைக் கண்டால் எனக்குக் கோபமே வரும்.

எந்த கிரீஸ்? நீடில் பேரிங்குக்கு நல்ல லித்தியம் கிரீஸ், என்.எல்.ஜி.ஐ. 2-ஆம் தரம், போதும். முன்சக்கர ஓட்ட கார்களின் சி.வி. ஜாயின்டுக்குப் போடும் கறுப்பு மாலிப்டினம் கிரீஸ் வேறு குடும்பம், அதற்கு அங்கேதான் வேலை. களிமண் அடிப்படையிலான கிரீஸை லித்தியத்தோடு கலந்தால் இரண்டும் இளகிக் கெட்டுப்போகும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீண்டு சுருங்கும் ஸ்ப்ளைனுக்கு மட்டும் கை கொஞ்சம் அடக்கமாக இருக்கட்டும். அளவுக்கு மீறி அடைத்தால் உள்ளே நீண்டு சுருங்க இடம் இல்லாமல் போய்விடும்.

ஜாயின்ட் போய்விட்டதா என்று வண்டியே சொல்லிவிடும். முதல் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது ‘டங்’. மெதுவாக உருளும்போது சுற்றுக்கு ஒரு ‘கீச்’. ஈ-டைப்பில் இன்னொரு தனிச் சோதனையும் உண்டு: பின்சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக அசைத்துப் பாருங்கள். ஷாஃப்டே மேல் கை ஆகிவிட்டதால், தேய்ந்த கிராஸ் இங்கேயும் ஆட்டம் காட்டும். ஹப் பேரிங்கும் அதே ஆட்டம் காட்டும் என்பதால் இரண்டையும் பிரித்தறிய இன்னொருவர் கீழே படுத்து ஜாயின்டில் விரல் வைத்திருக்க வேண்டும்.

புதுசு மாட்டும் கட்டம்தான் எனக்கு உயிர்! சர்க்லிப்பைக் கழற்றி, வைஸில் இரண்டு சாக்கெட் வைத்து அழுத்தினால் பழைய கப் வெளியே வரும். புதுக் கப்பை உள்ளே தள்ளும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நீடில்களை நிற்க வைத்திருப்பது கிரீஸின் பிசுபிசுப்பு மட்டும்தான். ஒரே ஒரு நீடில் சரிந்து கப்பின் அடியில் படுத்துவிட்டால் போதும், கப் முழுசாக இறங்காது, சர்க்லிப்பின் காடி கண்ணில் படாது. சுத்தியலால் மிரட்டிப் பயனில்லை. கழற்றி எடுத்து நீடிலை நிமிர்த்தியாக வேண்டும்.

நிப்பிள் வைத்ததா, நிப்பிளே இல்லாத சீல் செய்ததா என்ற சண்டை என்றைக்கும் தீராது. கிரீஸ் போகத் துளை போட்ட சிலுவை கொஞ்சம் பலவீனம்தான், மறுக்க முடியாது. ஆனாலும் என் ஓட்டு நிப்பிளுக்கே. வருஷத்தில் சில நாள் மட்டும் வெளியே வரும் வண்டிக்குப் புதுக் கிரீஸைப்போல ஒரு மருந்து இல்லை. மாட்டும்போது மட்டும், முன்னோக்கி இழுக்கையில் நிப்பிள் இருக்கும் மூலை விரியாமல் இறுகும் பக்கமாக வையுங்கள். விரியும் பக்கம் வைத்தால் விரிசல் அந்தத் துளையில்தான் பிறக்கும்.

இப்போது மறக்காமல் துணியை எடுங்கள். நான்கு சீலிலும் பிதுங்கி நிற்கும் கிரீஸ் பார்க்க அழகாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். உள்பக்க ஜாயின்டுக்குப் பக்கத்தில் என்ன இருந்தது? பிரேக் டிஸ்க்! ஷாஃப்ட் சுற்றத் தொடங்கியதும் அந்த மிச்சமெல்லாம் சிதறித் தெறிக்கும். டிஸ்கில் ஒரு சொட்டு பட்டுவிட்டதா? சால்வென்ட் ஊற்றித் துடைக்க வேண்டும். பேடில் ஊறிவிட்டதென்றால் புதுப் பேட்தான். அதை மாற்ற எவ்வளவு குறுகிய சந்துக்குள் கை விட வேண்டும் என்பதை, கூண்டை இன்னொரு முறை அண்ணாந்து பார்த்து நீங்களே தெரிந்துகொள்ளுங்கள்.