டாக்டர் குறித்துக் கொடுக்கும் நாள்



"பிள்ளை தானாகப் பிறக்கட்டுமே, டாக்டர் ஏன் அவசரப்படுகிறார்?" தோட்டத்து வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வலி வரவழைக்க மருத்துவமனையில் நாள் குறித்துக் கொடுத்தால், வீட்டுப் பெரியவர்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டுவார்கள். நாள் சரியில்லை என்று இரண்டு நாள் தள்ளிப் போகிறவர்களும் உண்டு. அப்படித் தள்ளலாமா?

வயிற்றிலுள்ள பிள்ளைக்கு உணவும் உயிர்க்காற்றும் நஞ்சு வழியாகத்தான் கிடைக்கின்றன. பிரசவக் கணக்கு 40 வாரம். 41 வாரம் கடந்தும் வலி காணாவிட்டால், நஞ்சு முன்போல் வேலை செய்யாமல் போகலாம். பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோகும் ஆபத்தும் சிறிது சிறிதாகக் கூடும். தாய்க்கு இரத்தக் கொதிப்போ இனிப்புநீரோ இருந்தால், இன்னும் முன்னதாகவே நாள் குறிப்பார்கள். ஆகவே காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாளை மாற்ற விரும்பினால் டாக்டரிடமே கேளுங்கள். நாமாகத் தள்ளிப் போடக் கூடாது.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்? கருப்பை வாய் இளகுவதற்கு உள்ளே மருந்து வைப்பார்கள்; அல்லது சிறு பலூன் உள்ள குழாயைச் செலுத்துவார்கள். வாய் திறந்ததும் பனிக்குடத்தை உடைத்து, கை நரம்பு வழியாக மருந்து ஏற்றி வலியைக் கூட்டுவார்கள். சிலருக்கு ஒரே நாளில் பிள்ளை பிறக்கும். சிலருக்கு இரண்டு மூன்று நாளாகும். முதல் நாள் வலி வரவில்லையே என்று மனம் தளர வேண்டாம். சிலருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதும் உண்டு.

இனி, முன்னேற்பாடுகள். அடையாளக் கார்டு, கர்ப்பகாலப் பதிவுப் புத்தகம், கைலி, மாற்றுத் துணி, பிள்ளைத் துணி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். முன்பு அறுவைச் சிகிச்சை செய்து பிள்ளை பெற்றிருந்தாலும், ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மறக்காமல் சொல்லுங்கள். மூத்த பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது, எந்த வண்டியில் போவது என்பதையும் முன்கூட்டியே பேசி முடியுங்கள்.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து தாய்க்கு 98 நாள் பேறுகால விடுப்பும், தந்தைக்குச் சம்பளத்துடன் தொடர்ந்து 7 நாள் விடுப்பும் சட்டத்தில் உண்டு. தந்தையின் விடுப்புக்கு ஒரே முதலாளியிடம் 12 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். 30 நாளுக்கு முன்பாகவோ, முடிந்த அளவு சீக்கிரமாகவோ தோட்ட அலுவலகத்தில் அறிவித்துவிடுங்கள்.

வலி வரட்டும் என்று வீட்டில் விளக்கெண்ணெயோ நாட்டு மருந்தோ கொடுக்காதீர்கள். குறித்த நாளுக்கு முன்பே பிள்ளையின் அசைவு குறைந்தாலும், நீர் உடைந்தாலும், இரத்தம் பட்டாலும், கடும் தலைவலியோ பார்வை மங்கலோ வந்தாலும், நள்ளிரவானாலும் உடனே புறப்படுங்கள். அப்போது நேரம் காலம் பார்க்கக் கூடாது.

தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்பும் நாளே நமக்கு நல்ல நாள்.