நாட்காட்டியில் தெரிந்த மனச்சோர்வு

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி இப்போது பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஒருநாள் இரவு வாட்சாப்பில் எழுதியிருந்தாள்: "டீச்சர், பீரியட் வருவதற்கு முந்தைய வாரம் காரணமில்லாமல் அழுகிறேன். அறைத்தோழியிடம் எரிந்து விழுகிறேன். விரிவுரைக்குப் போகவே பிடிக்கவில்லை. அம்மாவிடம் சொன்னால், எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான் என்கிறார்."

அம்மா சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் அறிவியல் இருக்கிறது. (ஆண் மாணவர்களே, பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உங்களுக்கும் அக்காள் தங்கை இருக்கிறார்கள்.)

படிவம் 1-இல் மாதவிடாய்ச் சுழற்சியை வரைந்திருப்பீர்கள். கருமுட்டை வெளிப்பட்ட பிறகு புரோஜெஸ்ட்ரோன் உயர்கிறது. கருத்தரிக்காவிட்டால், மாதவிடாய்க்குச் சில நாட்களுக்கு முன் அதுவும் ஈஸ்ட்ரோஜனும் சரிகின்றன. பாடம் கருப்பையோடு முடிந்துவிடும். ஆனால், ஹார்மோன் இரத்தத்தில்தானே பயணம் செய்கிறது? மூளைக்கும் அது போகிறது. அங்கே நம் மனநிலையோடு தொடர்புடைய நரம்பணுக்களின் வேலையையும் மாற்றுகிறது.

அப்படியென்றால், அதிகம் துன்பப்படுகிறவர்களுக்கு ஹார்மோன் அளவு தாறுமாறாக இருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1998-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். மாதவிடாய்க்கு முன் கடுமையாக வாடும் பெண்களுக்கு, சூலகத்தின் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தும் மருந்து கொடுத்தார்கள். பலருக்கு வாட்டம் தணிந்தது. பிறகு வழக்கமான ஹார்மோன்களைத் திரும்பக் கொடுத்தபோது வாட்டமும் திரும்பியது. அதே மருந்தையும் அதே ஹார்மோன்களையும் இத்தொல்லை இல்லாத பெண்களுக்கும் கொடுத்தார்கள். அவர்களின் மனநிலை மாறவே இல்லை! ஒரே சம்பல்தான், ஒருவருக்குக் கண்ணீர் வருகிறது, இன்னொருவர் இன்னொரு கரண்டி கேட்கிறார். வேறுபாடு ஹார்மோனின் அளவில் இல்லை, அதை மூளை ஏற்றுக்கொள்ளும் விதத்தில் இருக்கிறது. ஆகவே, 'மனதைத் திடமாக வைத்துக்கொள்' என்ற அறிவுரை இங்கே அவ்வளவாக உதவாது.

படிப்பையும் உறவுகளையும் பாதிக்கும் அளவுக்கு இது முற்றினால் அதற்குப் பி.எம்.டி.டி. என்று பெயர். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இதை மனச்சோர்வு நோய்களின் வரிசையில் சேர்த்தது. இதற்குச் சிகிச்சை உண்டு.

நான் மருத்துவர் அல்ல. அதனால் அவளுக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தேன். தினமும் தூங்கும் முன் மனநிலைக்கு 1 முதல் 6 வரை ஓர் எண் போட வேண்டும். 6 என்றால் மிக மோசம். மாதவிடாய் நாட்களையும் குறிக்க வேண்டும். இப்படி இரண்டு சுழற்சிகள். மருத்துவர்களும் இதைத்தான் கேட்பார்கள், ஏனென்றால் நம் ஞாபகம் கெட்ட நாட்களை மட்டுமே பிடித்து வைத்துக்கொள்ளும்.

பி.எம்.டி.டி. என்றால், மாதவிடாய் தொடங்கிய சில நாட்களில் எண் இறங்கிவிடும். அவளுடைய எண்கள் இறங்கவில்லை. மாதம் முழுவதும் 4, கடைசி வாரம் 6. அதாவது, மனச்சோர்வு ஏற்கெனவே இருந்திருக்கிறது; மாதவிடாய்க்கு முந்தைய வாரம் அதைக் கூட்டிக் காட்டியிருக்கிறது. பீரியட்தானே என்று எல்லாரும், அவளும் சேர்த்து, ஒதுக்கிவிட்டது இதைத்தான்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். சாப்பாட்டைக் குறைத்து, மனவுளைச்சலோடு தேர்வுக்கு ஓடும் பெண்ணின் மூளை, சூலகத்துக்கு அனுப்பும் சமிக்ஞையைக் குறைத்துவிடலாம். மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றும் போகும். 3 மாதம் வராவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வாட்டமோ, எதிலும் நாட்டமின்மையோ 2 வாரம் தொடர்ந்தால் பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ கிளினிக்கிலோ சொல்லுங்கள். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் 2 வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே சொல்லுங்கள். மலேசியாவில் 15555, சிங்கப்பூரில் 1767 என்ற எண்களை அழைக்கலாம்.

என் மாணவி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழக கிளினிக்குக்குப் போனாள். இப்போது சிகிச்சையில் இருக்கிறாள். போன மாதத் தாளைப் படம்பிடித்து அனுப்பியிருந்தாள். நிறைய 2, சில 3. கடைசி வாரத்தில் ஒரு 5. இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. தோழிகளோடு வெளியே போனதில் எழுத மறந்துவிட்டாளாம்.