சுரங்கம் என்னும் சொல்லும் நெய்வேலி நிலக்கரியும்

செங்கற்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்திற்கு வடக்கே கடலோரமாக நெம்மேலி உளது. அங்கே 2013-ஆம் ஆண்டு தொட்டுக் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்று சென்னைக்கு நீர் வழங்கி வருகின்றது. உவர்நீரை மெல்லிய சவ்வின் ஊடே அழுத்திச் செலுத்தும் இவ்வினைக்கு மின்னாற்றல் மிகுதியும் வேண்டும். மணலும் கருங்கல்லுமாகிய அக்கரையில் நிலக்கரி இல்லை. தமிழகத்தின் மின்தொகுப்பிற்கு ஒரு பங்கினை அளிக்கும் நிலக்கரி கிடைப்பது, அதற்குத் தெற்கே கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் ஆகும். அந்நிலக்கரி எடுக்கப்பெறும் இடத்தை நாம் அனைவரும் 'சுரங்கம்' என்றே வழங்குகின்றோம். அச்சொல் அவ்விடத்திற்கு எத்துணைப் பொருந்தும் என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில், மதுரையில் யானைக் கூட்டம் இயங்கும் வழியைச் 'சுருங்கை' என்னும் சொல் குறிக்கின்றது. கரந்து அமைந்த வழி என்பது அதன் பொருள். இச்சொல்லும் வடமொழிச் 'சுருங்கா' என்பதும் குழலைக் குறிக்கும் 'சிரிங்க்ஸ்' என்னும் கிரேக்கச் சொல்லோடு தொடர்புடையன என்பர் மொழிநூலார் பலர். சுருங்கை, சுரங்கம் ஆகிய இரண்டற்கும் அடிப்படைக் கருத்து ஒன்றே. மேலே கூரையுடையதாய், உள்ளே மறைந்து செல்லும் வழி என்பதே அது.

வங்கத்தின் இராணிகஞ்சுப் பகுதியில் 1774-இல் தொடங்கிய நிலக்கரித் தொழிலுக்கு இப்பெயர் நன்கு பொருந்தும். கிணறு போல் ஆழத் தோண்டி, அதன் அடியிலிருந்து பக்கவாட்டில் வழி குடைந்து, கூரை வீழாவண்ணம் நிலக்கரியையே தூண்களாக இடையிடையே விட்டு அகழ்வது அங்கு நெடுங்காலம் வழங்கிய முறை. கூரை சரிதல், எரிவளி வெடித்தல், நீர் புகுதல், கரித்தூசியால் நுரையீரல் கெடுதல் என்பன அம்முறையின் இடர்கள். தன்பாத் அருகே சாஸ்நாலாவில் 1975 டிசம்பர் 27-ஆம் நாள் நீர் புகுந்து 370-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவ்விடர்கள் யாவும் மண்ணுக்குள் இறங்கியவன் தலைமேல் விழுவன.

நெய்வேலியின் நிலை வேறு. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தோண்டிய கிணற்றில் கரிய பொருள் ஒன்றைக் கண்டார் என்பர். 1940-களில் நில ஆய்வுத் துறையினர் துளையிட்டுப் பழுப்பு நிலக்கரியின் பரப்பை உறுதி செய்தனர். 1956-இல் நிறுவனம் தோன்றியது. 1957-இல் அகழ்வு தொடங்கியது. 1961-இல் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. 1962-இல் அதனைக் கொண்டு மின்னாக்கம் தொடங்கிற்று. அகழ்ந்தெடுத்த நிலையில் இந்நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரமாதலின், தொலைவிடங்கட்குக் கொண்டு செல்லுதல் பயன் தாராது. அருகிலேயே எரித்தல் வேண்டும்.

இங்கே எவரும் குகை வழியே நுழைவதில்லை. வாளிகள் பொருத்திய பெருஞ்சக்கர எந்திரங்கள், பல இடங்களில் 50 மீட்டருக்கும் மிக்க ஆழமுடைய மேல்மண்ணைப் படிப்படியாக வெட்டி நீக்குகின்றன. ஒரு டன் நிலக்கரி பெற 5 கன மீட்டரளவு மண்ணையேனும் அகற்றல் வேண்டும். ஓடுபட்டைகள் அம்மண்ணைக் கொண்டுபோய் மேடாகக் குவிக்கின்றன. நிலக்கரிப் படுகையின்கீழ் அழுத்தத்துடன் நிற்கும் ஊற்றுநீர் அடித்தளத்தைப் பெயர்க்காதிருக்க, இரவும் பகலும் நீரிறைத்தல் வேண்டும். வறட்சிக் காலங்களில் நெய்வேலிப் பகுதியின் நிலத்தடி நீர் குழாய்வழிச் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டதும் உண்டு.

எனவே, ஈண்டு நிகழ்வது நிலத்தைக் குடைதல் அன்று, நிலத்தையே பெயர்த்தல். கூரை இன்மையால் கூரை சரியும் அச்சமும் இல்லை. ஆயினும் வெயிலும் தூசியும் எந்திர ஓசையும் மண்சரிவும் தொழிலாளரை விட்டபாடில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் பணி நிலைப்பும் ஊதிய உயர்வும் கோரிப் பன்முறை போராடியுள்ளனர். இடரின் பெரும்பகுதியோ மேலேயிருக்கும் ஊரைச் சார்கின்றது. வயலும் வீடும் கோயிலும் சுடுகாடும் உள்ள ஊர் முழுதும் இடம்பெயர நேர்கின்றது. 2023 சூலையில் வளையமாதேவியில், கால்வாய் வெட்டுதற்பொருட்டு நெற்பயிர் நின்ற வயலில் எந்திரங்கள் இறங்கியமை பெரும் எதிர்ப்பை எழுப்பியதை யாவரும் அறிவர்.

'சுரங்கம்' என்னுஞ்சொல், மேலே ஊரும் உழவும் இருந்தபடி இருக்க, கீழே மட்டும் தொழில் நடைபெறுவதாக ஓர் எண்ணத்தைக் கேட்போர் உள்ளத்தில் எழுப்புகின்றது. 'திறந்தவெளிச் சுரங்கம்' என்னும் தொடர் இக்குறையை நீக்க முயன்றும், மறைந்த வழியைத் திறந்த வழி என்று கூறும் முரணாகவே முடிகின்றது. வழக்கில் வேரூன்றிய சொல்லை நீக்கல் எளிதன்று. அது வேண்டுவதும் அன்று. எனினும், அகராதி தொகுப்போரும் பாடநூல் எழுதுவோரும் குடைந்தெடுக்கும் இடத்தைச் சுரங்கம் என்றும், மேல்மண் முழுதும் நீக்கி எடுக்கும் இடத்தை அகழ்களம் என்றும் வேறுபடுத்தி வழங்குவாராயின் நலமாகும். அவ்வேறுபாடு தெளிவுற்றால், நிலம் இழந்தோர் வழக்கினையும் தொழிலாளர் வழக்கினையும் ஆராய்வோர், தாம் ஆராயும் பொருள் இன்னது என்று முதற்கண்ணே அறிவர் என்பது எம் கருத்து.