ஆணிகள் காட்டிய நகரம்

ஜெர்மனியில், மியூனிக்குக்கு வடக்கே இங்கோல்ஸ்டாட் நகரை ஒட்டியிருக்கும் மான்ஷிங் அருங்காட்சியகத்துக்குப் போனால், முதலில் துருவேறிய இரும்பு ஆணிகளைப் பாருங்கள். சிலவற்றின் நீளம் 30 செ.மீ. வரை இருக்கும்.

இங்கே வாழ்ந்த கெல்ட் மக்கள், கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஊரைச் சுற்றி 7 கிலோமீட்டருக்கும் மேல் மதில் எழுப்பினார்கள். மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அவை சந்திக்கும் இடங்களில் ஆணி அறைந்து, இடையே மண்ணும் கல்லும் கொட்டி, முகப்பைக் கல்லால் மூடினார்கள். இதே வகை மதிலைக் கோல் நாட்டில் கண்ட ஜூலியஸ் சீசர் வியந்து எழுதியிருக்கிறார்: கல் தீயைத் தடுக்கிறது, மரக்கட்டு மதிலிடிக்கும் தூலத்தைத் தாங்குகிறது. மரம் மக்கிவிட்டது. ஆணிகள் மண்ணுக்குள் நின்ற இடத்திலேயே நின்றன. அவற்றின் இடைவெளியை அளந்துதான் கட்டைகளை எப்படி அடுக்கினார்கள் என்று கண்டுபிடித்தார்கள்.

மதிலுக்குள் சுமார் 380 ஹெக்டேர். 5,000 முதல் 10,000 பேர்வரை வாழ்ந்திருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. சாவிகளும் கிடைத்திருக்கின்றன. கதவைப் பூட்ட வேண்டியிருந்தது என்றால், எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த கிராமமல்ல இது!

என்னை அதிகம் வியக்கவைப்பவை கண்ணாடி வளையல்கள். நீல நிறம், எங்கும் ஒட்டுப்போட்ட தடமில்லை. உருகிய கண்ணாடிக் குழம்பில் துளையிட்டு, சூடு ஆறுமுன் சுழற்றிச் சுழற்றி விரித்தால் இப்படி வரும் என்கிறார்கள், செய்துபார்த்த இக்காலக் கைவினைஞர்கள். மூலக் கண்ணாடியோ மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையிலிருந்து வந்தது.

தங்கத்தையும் சொல்ல வேண்டும். 1999இல் 483 பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. கிண்ணம்போல் குழிந்த காசுகள். மழைக்குப் பின் உழவர்கள் வயலில் இவ்வகைக் காசுகளைக் கண்டெடுத்ததால், வானவில் தரையைத் தொடும் இடத்தில் விழுந்தவை என்று நம்பினார்கள். 2022 நவம்பரில், தொலைத்தொடர்புக் கம்பிகளை அறுத்துவிட்டு அருங்காட்சியகத்துக்குள் நுழைந்த திருடர்கள் சில நிமிடங்களில் புதையலை அள்ளிப்போனார்கள். அடுத்த ஆண்டு ஆட்கள் பிடிபட்டபோது கிடைத்தவை உருக்கிய தங்கக் கட்டிகள். உலோகக் கலவை காசுகளோடு ஒத்துப்போனது. ஆனால் காசின் உருவத்தை எந்தச் சோதனையும் மீட்டுத் தராது.

அதற்கும் முன்பே ஒரு பெரிய இழப்பு நேர்ந்திருந்தது. 1930களில் ராணுவ விமான நிலையம் கட்டியபோது, பழைய நகரின் ஒரு பெரிய பகுதி ஆராயப்படாமலே அழிந்தது. முறையான அகழாய்வு 1955இல்தான் தொடங்கியது.

நகரத்தை ரோமானியர் அழித்தார்கள் என்று நினைக்கத் தோன்றும். அவர்கள் இப்பகுதியைப் பிடித்தது கி.மு. 15இல். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே நகரம் தேய்ந்துவிட்டது. கோல் நாட்டைச் சீசர் வென்றபின் பழைய வணிகத் தொடர்புகள் அறுந்ததே காரணம் என்பது ஒரு கருத்து. ரோமானியர் பிற்பாடுதான் வந்தார்கள்: அருங்காட்சியகத்தில் இருக்கும் இரண்டு ரோமானியப் படகுகள், சுமார் கி.பி. 100இல், அந்தப் பழைய நகருக்கு அருகே இருந்த கோட்டைக்காகக் கட்டப்பட்டவை.