நாளைய டியூட்டி இன்றிரவு தெரியும்

2024-ஆம் ஆண்டின் காலண்டரை விழுப்புரம் மாவட்டக் காவலர் ஒருவரின் பக்கத்தில் நின்று புரட்டிப் பாருங்கள். சாதித் தகராறில் முந்தைய ஆண்டு பூட்டி முத்திரை வைத்த மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில், நீதிமன்ற உத்தரவுப்படி மார்ச் மாதம் திறக்கிறது. ஊரைச் சுற்றிப் போலீஸ். ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தல், ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை. இடைப்பட்ட ஆறரை வாரமும் வாக்கு இயந்திரங்கள் இருக்கும் அறைக்குப் பாரா. எண்ணிக்கை முடிந்து மூச்சு விடுவதற்குள் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் காவு வாங்குகிறது. முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ்கள் வரிசையாக வருகின்றன. சாராய வேட்டை தொடங்குகிறது. ஜூலை 10 விக்கிரவாண்டி இடைத்தேர்தல். அக்டோபர் 27 வி.சாலையில் விஜய் கட்சியின் முதல் மாநாடு. நான்காம் நாள் தீபாவளி. சென்னையிலிருந்து தெற்கே போகும் வண்டிகள் விக்கிரவாண்டி டோல்கேட்டில் தேங்கும் நாட்கள். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல். மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டுகிறது, தென்பெண்ணை பொங்கி அரசூரில் நெடுஞ்சாலையை மூடுகிறது, முண்டியம்பாக்கம் அருகே பாலத்தில் தண்ணீர் ஏறி ரயில்கள் நிற்கின்றன. தண்ணீர் வடிந்த பிறகு நிவாரணம் கேட்டு மறியல், அதற்கும் போலீஸ். இத்தனைக்கும் நடுவில் மாதம் தவறாமல் அமாவாசை இரவு மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் நடந்தபடி இருக்கிறது.

இதில் எந்த ஒரு நாளையும் தனியே எடுத்தால் பயிற்சி பெற்ற ஆளால் தாங்க முடியாதது அல்ல. புயலைக்கூடத் தாங்கிவிடுகிறார்கள். தாங்க முடியாதது, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எதுவும் இல்லாமல் போவது. ஆபத்தைக் கண்டதும் உடம்பு அட்ரினலினையும் கார்டிசாலையும் சுரக்கிறது. நாடித்துடிப்பு ஏறுகிறது, ரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது. ஆபத்து விலகியதும் எல்லாம் பழைய நிலைக்கு இறங்க வேண்டும். இறங்கவே விடாமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் புரூஸ் மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லரும் 1993-இல் விளக்கினார்கள்: காப்பாற்ற வந்த சுரப்பே ரத்தக்குழாயையும் தூக்கத்தையும் நினைவாற்றலையும் அரிக்கத் தொடங்குகிறது. திண்டிவனம் பக்கத்து விவசாயிக்கு இதைச் சொல்ல ஆய்வுக்கட்டுரை வேண்டாம். போர்வெல் மோட்டார் இடி விழுந்து கெடுவது எப்போதோ ஒரு முறை. பெரும்பாலும் காயில் கருகுவது லோ வோல்டேஜில் நாள்கணக்கில் ஓடித்தான்.

இந்தப் பகுதியில் அப்படி ஓடுபவர்கள் போலீஸ்காரர்கள் மட்டுமல்ல. புதுச்சேரி சாலையும் செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலையும் சென்னை–திருச்சி சாலையில் வந்து சேரும் இடம் திண்டிவனம். விழுப்புரம் வரையிலான அந்தச் சுமார் நாற்பது கிலோமீட்டரில், இரவு இரண்டு மணிக்கு நின்றிருந்த லாரியின் பின்னால் கார் சொருகிக்கொண்டால் யார் யார் வருவார்கள் என்று யோசியுங்கள். 108-இன் ஓட்டுநர், அவருடன் மருத்துவ உதவியாளர், கதவை வெட்டி எடுக்கத் தீயணைப்பு வண்டி, போக்குவரத்தைத் திருப்பிவிட ரோந்துக் காவலர்கள். அடிபட்டவரை மருத்துவமனையில் இறக்கிவிட்டு, ஓட்டுநரும் உதவியாளரும் வண்டிக்குள் ரத்தத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஸ்ட்ரெச்சரைத் துடைத்து, தீர்ந்த பஞ்சையும் துணியையும் நிரப்பி வைக்கிறார்கள். தரை காயும் முன் அடுத்த அழைப்பு வரலாம். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 சேவையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்தான் நடைமுறை. பிழைத்தாரா, இல்லையா என்பது பெரும்பாலும் ஏற்றி வந்தவர்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

இவர்களுக்கு மன உறுதி வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த உறுதி எங்கே இருக்கிறது என்பதில்தான் தவறு நடக்கிறது. ஆளின் நெஞ்சுக்குள் இருக்கும் சரக்கு என்று நினைத்து அதற்கு யோகாவும் வகுப்பும் வைக்கிறோம். என் வாதம், அதில் பெரும்பங்கு ஸ்டேஷன் ரைட்டர் எழுதும் டியூட்டிப் பட்டியலில் இருக்கிறது என்பது. இதற்கு வலுவான சான்று போர்க்களத்திலிருந்தே கிடைக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மனம் உடைந்து திரும்பிய அமெரிக்கக் காலாட்படையினரை ஆராய்ந்த ஜான் ஆப்பல், கில்பர்ட் பீபி இருவரும் 1946-இல் எழுதினார்கள்: ஒரு சராசரி வீரன் மொத்தம் 200 முதல் 240 சண்டை நாட்களில் பயனற்றுப் போகிறான், கோழை, தைரியசாலி என்ற வித்தியாசம் எவ்வளவு நாளில் என்பதில்தான், உடைவானா என்பதில் இல்லை. அதே காலத்தில் பிரிட்டிஷ் படை தன் வீரன் 400 நாள் வரை தாங்குவான் என்று கணக்கிட்டது. பிரிட்டிஷ்காரன் உடம்பு வேறு உலோகம் இல்லை. பன்னிரண்டு நாள் முன்வரிசையில் இருந்தால் நான்கு நாள் பின்னால் இழுத்து ஓய்வு கொடுத்தார்கள், அவ்வளவுதான். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் மருத்துவராக இருந்த லார்ட் மோரனும், துணிச்சலை எடுக்க எடுக்கக் குறையும் வங்கி இருப்பாகத்தான் பார்த்தார். ராணுவங்கள் இதை உள்வாங்கிக்கொண்டன. எல்லையில் காலம் கழித்த இந்திய வீரனை அடுத்து அமைதிப் பகுதி முகாமுக்கு மாற்றுகிறார்கள். வெள்ளத்துக்கு அரக்கோணத்திலிருந்து வரும் தேசியப் பேரிடர் மீட்புப் படை வேலை முடிந்ததும் முகாமுக்குத் திரும்புகிறது. உள்ளூர் ஸ்டேஷன்காரர் எங்கே திரும்புவார்? அவருக்கு அமைதிப் பகுதி கிடையாது.

‘அந்தக் காலத்துப் போலீஸ்காரர்கள் இதையெல்லாம் பேசினார்களா?’ என்று கேட்பவர்கள் உண்டு. பேசவில்லை என்பது உண்மை. பாதிக்கவில்லை என்பதற்கு அது சான்றாகாது. ஓய்வு பெற்ற சில ஆண்டுகளிலேயே நெஞ்சுவலி, குடி, பிள்ளைகளோடு பேச்சுவார்த்தை இல்லாத வீடு என்று பல குடும்பங்கள் அந்தக் கணக்கைத் தனியாகச் செலுத்தின, எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல். இன்றைய வேலையின் அளவும் வேறு. செல்போனும் வாட்ஸாப் குழுவும் வந்த பிறகு, வீட்டில் படுத்திருப்பவரும் டியூட்டியில் பாதி இருக்கிறார். போலீஸ் ஆராய்ச்சி மற்ற நாடுகளிலும் திரும்பத் திரும்பக் காட்டுவது இதுதான்: பிணமும் ரத்தமும் தரும் அழுத்தத்துக்குக் குறையாமல், சில சமயம் அதைவிட அதிகமாகவே, நிர்வாகம் தரும் அழுத்தம் வருத்துகிறது. நாளை எங்கே நிற்க வேண்டும் என்பது இன்றிரவுவரை தெரியாதது. வயர்லெஸ் மைக்கில் நாலு பேர் கேட்க விழும் திட்டு. தங்கை கல்யாணத்துக்குக் கேட்ட லீவைக் கடைசி நிமிஷத்தில் ரத்து செய்வது.

இந்திய அளவில் கணக்கும் இருக்கிறது. மத்திய அரசின் போலீஸ் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகத்துக்காகச் செய்யப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வின்படி, காவல் நிலையத்தில் இருப்பவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்கிறார்கள். தங்கள் ஆட்கள் பதினோரு மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பதாகச் சொன்ன நிலையப் பொறுப்பதிகாரிகள் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகம். மாதத்தில் ஒரு நாள் வார ஓய்வுகூட எடுக்க முடிவதில்லை என்றவர்கள் நான்கில் மூன்று பங்குக்கு அருகில். தமிழ்நாடு 2021-இல் காவலர்களுக்கு வார ஓய்வு என்று அரசாணையே போட்டது, நல்ல ஆணை. ஆனால் பந்தோபஸ்து என்று வந்தால் முதலில் வெட்டுப்படுவது அந்த ஓய்வுதான். விழுப்புரத்தில் பந்தோபஸ்து வராத வாரம் எது என்று மேலே காலண்டரைப் பார்த்தாலே தெரியும்.

அப்படியானால் பயிற்சி வேண்டாமா? பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து தமிழகக் காவல்துறை நடத்திய ‘காவலர் நிறைவாழ்வு’ பயிற்சி பயனற்றது என்று நான் சொல்லவில்லை. குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டது அதன் சிறப்பு. மனநோய் என்றால் கீழ்ப்பாக்கம் என்று மட்டுமே நினைத்திருந்தவர்களுக்கு அது ஒரு கதவைத் திறந்தது. ஆனால் கதவு வீடு ஆகாது. பிரிட்டனில் 46,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் விவரங்களை வைத்து ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஃபிளெமிங் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், தியான ஆப், மனவலிமை வகுப்பு போன்றவற்றில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நலமாக இருந்ததாகத் தெரியவில்லை. இன்னும் ஒரு படி மேலே: கோரமான சம்பவம் நடந்த உடனே பாதிக்கப்பட்டவரைத் தனியே உட்காரவைத்து ஒரே அமர்வில் நடந்ததைச் சொல்லவைக்கும் முறை ஒரு காலத்தில் உலகமெங்கும் பிரபலம். கிடைத்த சோதனைகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, அது பின்னாளைய மனவடுவைத் தடுக்கவில்லை, சிலருக்குத் தீங்கும் செய்திருக்கலாம் என்று 2002-இல் கைவிடச் சொன்னது. நல்லெண்ணத்தில் செய்வதெல்லாம் நல்லதாக முடிவதில்லை. பதினாறு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவரை, அவருடைய ஓய்வு நாளில் அழைத்து மன அழுத்த வகுப்பில் உட்கார வைப்பது எந்த வகையில் சேரும் என்பதை வாசகரே முடிவு செய்யட்டும்.

இதைவிடக் கடுமையான எதிர்ப்பு பொதுமக்கள் பக்கமிருந்து வரும், வருவது நியாயமும்கூட. 2020-இல் சாத்தான்குளம் போலீஸ் காவலில் அடிபட்ட தந்தையும் மகனும் செத்ததைப் பார்த்தவர்களிடம், போலீஸ்காரர் பாவம் என்று எப்படிப் பேசுவது? அந்தக் கொடுமைக்குத் தூக்கமின்மை காரணமல்ல, சாக்காகவும் ஆகாது, தண்டனை தண்டனைதான். ஆனால் காவலரின் ஓய்வு அவருக்குத் தரும் சலுகை மட்டும் அல்ல என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைநிதானமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவரின் அளவுக்குக் குறைகிறது என்று ஆஸ்திரேலியாவின் டாசனும் ரீடும் 1997-இல் நேச்சர் இதழில் காட்டினார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03. ஆக, காலை ஆறு மணிக்கு எழுந்து இரவு பதினோரு மணிக்கு நெடுஞ்சாலையில் நின்று ஊதச் சொல்பவர், நிதானத்தைப் பொறுத்தவரை, தான் பிடிக்கும் ஓட்டுநரைவிட மோசமான நிலையில் இருக்கலாம். அவர் இடுப்பில் துப்பாக்கியும் இருக்கலாம். விபத்தில் சிக்கியவரை ஏற்றிக்கொண்டு பறக்கும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும் இதே கணக்குதான். அவர்கள் தூங்குவது நம்முடைய பாதுகாப்பு.

பொறுப்பேற்பு வேறு, பயமுறுத்தல் வேறு என்பதையும் இங்கே பிரித்துவைக்க வேண்டும். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயத்துக்கு உயிர்கள் போனபோது, மாவட்டக் கண்காணிப்பாளர் தொடங்கிக் கீழ்நிலை வரை பணியிடை நீக்கம் நடந்தது. இவ்வளவு பெரிய சாவுக்குப் பதில் சொல்லும் கடமை துறைக்கு உண்டு. ஆனால் சூழ்நிலை எதுவானாலும், உதவி கேட்பதே குற்றமாகப் பார்க்கப்படும் இடத்தில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ‘மனசு சரியில்லை’ என்று சொன்னால் ஆயுதம் பறிபோகும், பதவி உயர்வில் கேள்வி வரும், ‘அவன் மென்டல்’ என்று பேர் வரும். 2023 ஜூலையில் கோவை சரக டி.ஐ.ஜி. ஒருவர் தன்னுயிரை மாய்த்துக்கொண்டபோது, அவர் மன அழுத்தத்துக்குச் சிகிச்சை எடுத்து வந்ததைக் காவல்துறை உயரதிகாரிகளே தெரிவித்தார்கள். தோளில் இருந்த நட்சத்திரங்கள் அவரைக் காக்கவில்லை. சிகிச்சைக்குப் போனவரின் பெயர் எந்த உயரதிகாரிக்கும் போகாது என்ற எழுத்துபூர்வமான உறுதி, பத்து விழிப்புணர்வுக் கூட்டத்துக்குச் சமம். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416 அரசுச் செலவில் தமிழிலேயே பேசுகிறது. யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், மேலதிகாரிக்குத் தெரியாமல் பேசலாம்.

கடைசியாக எல்லா அதிகாரியும் சொல்லும் பதில்: ஆள் இல்லை. பொய்யில்லை. எட்டு மணி நேர ஷிப்ட் நாடு முழுக்க வர, இருக்கும் பணியிடங்களைப் போல் 1.68 மடங்கு ஆட்கள் வேண்டும் என்று அதே 2014 ஆய்வு கணக்கிட்டது. நாளையே அது நடக்காது. ஆனாலும் மும்பையின் தேவனார் காவல் நிலையத்தில் 2016-இல், அங்கே வேலை பார்த்த ஒரு காவலரே தீட்டிய திட்டத்தின்படி, இருந்த ஆட்களைக் கொண்டே எட்டு மணி நேர முறை தொடங்கியது. பிறகு மற்ற நிலையங்களுக்கும் பரவியது. நெருக்கடி வரும்போதெல்லாம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு அது சரிவதும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. எனவே மணிக்கணக்கைக்கூட இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். முதலில் வேண்டியது முன்கூட்டியே தெரிவது. ஒரு வாரத்து டியூட்டியை முன்னதாகவே எழுதி ஒட்டுவது, கொடுத்த ஓய்வைத் திரும்பப் பறிக்க மாவட்டக் கண்காணிப்பாளரின் கையெழுத்து வேண்டும் என்பது, பெரிய பந்தோபஸ்து முடிந்தால் கட்டாயமாக ஒரு நாள் வீட்டுக்கு அனுப்புவது. புதிய பணியிடம் கேட்காத காரியங்கள் இவை. நெருக்கடிக்கு நடுவில் ஒரு நாள் ஆளை விடுவது கடினம்தான், ஆனால் பிரிட்டிஷ் படை அதைக் குண்டு விழும் இடத்திலேயே செய்தது.

‘அவசரம் சொல்லிக்கொண்டா வரும்?’ என்பார்கள். விபத்து சொல்லிக்கொண்டு வராது, கள்ளச்சாராயச் சாவும் வராது. மற்றவை? தேர்தல் தேதியை ஆணையம் முன்னதாகவே அறிவிக்கிறது. மாநாட்டுக்கு அனுமதிக் கடிதம் மாவட்டக் காவல் அலுவலகத்துக்கே வருகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் என்பதைக் குழந்தையும் சொல்லும். தீபாவளி, பொங்கல் கூட்டம் எந்த நாளில் டோல்கேட்டைத் தாண்டும் என்பது ஊருக்கே தெரியும். மேல்மலையனூரின் அடுத்த பன்னிரண்டு அமாவாசைகளும் ஸ்டேஷன் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் ஏற்கெனவே அச்சாகியிருக்கின்றன. அந்தக் காலண்டருக்குக் கீழே உட்கார்ந்துதான் ரைட்டர், இரவு ஒன்பது மணிக்கு, நாளைக் காலை யார் எங்கே என்று எழுதுகிறார்.