கந்தோரில் நமக்கும் ஒரு கதிரை

1995 ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்தும், 2009 இல் வன்னியிலிருந்தும் கையில் அகப்பட்டதோடு நடந்த கமக்காரக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும், தாதியர்களாகவும், எழுதுவினைஞர்களாகவும் வேலைக்குப் போகிறார்கள். இது சிறிய காரியமன்று. ஆயினும் வேலை கிடைத்துச் சில மாதங்களிலேயே, "அந்த இடம் எனக்குச் சரிவராது, விட்டுவிடப் போகிறேன்" என்று சொல்லும் பிள்ளைகளையும் நாம் சந்திக்கிறோம். அப்போது வீட்டில் உள்ளோர் என்ன செய்யலாம்?

முதலில் இந்த உணர்வு யாருக்கு வருகிறது என்று பார்ப்போம். 1978 ஆம் ஆண்டில் போலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர், நன்கு படித்துச் சிறப்பாகப் பணியாற்றிய 150 இற்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றி எழுதினார்கள். "எனக்கு உண்மையில் தகுதியில்லை, ஒருநாள் அகப்பட்டுவிடுவேன்" என்ற பயம் அவர்களிடம் இருந்தது. ஆண்களுக்கும் இது உண்டென்பது பின்னர் தெரியவந்தது. ஆகவே இவ்வுணர்வு திறமையின்மைக்கு அத்தாட்சியன்று.

எங்கள் பிள்ளைகளுக்கு இது இன்னும் பாரமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. படிப்பு இடையிடையே முறிந்தது. கந்தோர் நடைமுறை தெரிந்தவர் வீட்டில் இல்லை. லீவு விண்ணப்பம் எப்படி எழுதுவது, யாரிடம் முதலில் கேட்பது என்பவை மற்றவர்களுக்குச் சிறுவயதிலேயே காதில் விழுந்த சங்கதிகள். பிள்ளைக்குத் தெரியாதது வழக்கமே, வழக்கத்தைப் பழகிக்கொள்ளலாம். ஆனால் முகாமில் வளர்ந்ததைச் சொல்லி ஒருவர் கேலி செய்தால், அது கேலி செய்தவரின் குற்றம். அதைப் பிள்ளை தன் குறையாகச் சுமக்க வேண்டியதில்லை, மேலதிகாரியிடம் முறையிடலாம்.

2011 இல் கிரெகரி வோல்ற்றன், ஜெஃப்ரி கோகன் என்னும் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அமெரிக்கக் கல்லூரியொன்றில் முதலாம் ஆண்டு மாணவருக்கு, "ஆரம்பத்தில் நாங்களும் அந்நியராய் உணர்ந்தோம், காலப்போக்கில் அது மாறியது" என்ற மூத்த மாணவரின் அனுபவங்களை வாசிக்கக் கொடுத்தார்கள். பின் தம் அனுபவத்தையும் எழுதச் செய்தார்கள். எல்லாம் ஏறத்தாழ ஒரு மணித்தியால வேலை. அடுத்த மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவரின் புள்ளிகள் உயர்ந்தன. வெள்ளையின மாணவருக்கும் அவர்களுக்கும் இருந்த இடைவெளி ஏறக்குறைய பாதியாகியது.

இதிலிருந்து நாம் செய்யக்கூடியவை மூன்று.

1. "பயப்படாதே" என்று சொல்லி முடிக்காமல், "இன்று என்ன விளங்கவில்லை?" என்று கேளுங்கள். அதை ஒரு கொப்பியில் எழுதி, வாரம் ஒன்றையாவது கந்தோரில் கேட்டறியச் சொல்லுங்கள்.

2. அதே ஊரிலிருந்து முன்னர் வேலைக்குப் போன ஒருவரோடு பிள்ளையைப் பேசவிடுங்கள்.

3. முடிவெடுக்க அவசரப்படுத்தாதீர்கள். நாற்றுமேடையிலிருந்து பிடுங்கி நட்ட மிளகாய்க் கன்று சில நாள் வாடித்தான் நிற்கும். மண் பிழையென்று அதைத் திரும்பப் பிடுங்கும் கமக்காரர் இல்லை. வேர் பிடிக்கும்வரை நிழல் கொடுத்துத் தண்ணீர் விடுவீர்கள்.

உங்கள் கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்தில் அரை மணித்தியாலம் இதற்கென ஒதுக்குங்கள். வேலையில் நிலைத்துவிட்ட பிள்ளைகளை அழைத்து, தங்கள் முதல் வருடம் எப்படி இருந்தது என்று புதியவர்களுக்குச் சொல்லச் செய்யுங்கள். செலவில்லாத இக்காரியம் ஒரு பிள்ளையின் உத்தியோகத்தைக் காப்பாற்றக்கூடும்.