ரத்தம் சலிக்கும் இழைகள்

டயாலிசிஸ் வார்டுக்கு முதல்முறை போகிறவர்களின் கண், விளக்கு மின்னும் இயந்திரத்தின் மேல்தான் நிற்கும். அது ரத்தத்தை ஓட்டுகிறது, கண்காணிக்கிறது, அவ்வளவே. சுத்தம் செய்வது அதன் பக்கத்தில் செங்குத்தாக மாட்டியிருக்கும் ஓரடி நீள பிளாஸ்டிக் குழல், டயாலைசர்.

உள்ளே சுமார் 10,000 இழைகள். ஒவ்வொன்றும் ஒரு நுண்குழாய், உள்விட்டம் 0.2 மில்லிமீட்டர், சுவரின் தடிமன் 0.04 மில்லிமீட்டர் அளவு. அத்தனையையும் பிளந்து விரித்தால் ஒற்றைக் கட்டில் மெத்தையை மூடும். இழைகள் பெரும்பாலும் பாலிசல்ஃபோன் என்ற பாலிமர்தான். இழைக்குள் ரத்தம் ஓட, வெளியே எதிர்த்திசையில் டயாலிசிஸ் திரவம் ஓடும்.

இந்த இழைச் சுவர்தான் சவ்வு. அதற்கு நல்லது கெட்டது தெரியாது, அளவுதான் கணக்கு. மூலக்கூறு எடை 60 உள்ள யூரியா புகுந்து போய்விடும்; 66,000க்கு மேல் உள்ள அல்புமின் தங்கிவிடும். அப்படியானால் பொடியான சோடியமும் போய்விடாதா? அதற்காகவே வெளித்திரவத்திலும் ஏறக்குறைய ரத்தத்தில் உள்ள அளவு சோடியம் கலந்திருக்கிறார்கள். போக வேண்டிய பொட்டாசியம் அதில் குறைவு, உடம்பில் சேர வேண்டிய பைகார்பனேட் அதிகம். சிகிச்சையின் பாதி சூட்சுமம் அந்தக் கலவையில் இருக்கிறது.

1943இல் நெதர்லாந்தின் காம்பன் நகரில் மருத்துவர் வில்லம் கோல்ஃப் டயாலிசிஸ் சவ்வாகப் பயன்படுத்தியது, இறைச்சி அடைக்கும் செலோஃபேன் உறை. போர்க்காலத்தில் கிடைத்ததைக் கொண்டு செய்தது. 1945இல்தான் அந்தச் சிகிச்சையால் 67 வயதுப் பெண்மணி ஒருவர் பிழைத்தெழுந்தார். பின்னால் வந்த செல்லுலோஸ் சவ்வுகளை உடம்பின் எதிர்ப்பு சக்தி அந்நியப் பொருளாகப் பார்த்துச் சீறியது. பாலிசல்ஃபோன் ரத்தத்தை அந்த அளவுக்குச் சீண்டுவதில்லை.

சவ்வைவிட எனக்குக் கவலை தருவது தண்ணீர். நிமிடத்துக்கு 500 மில்லி வீதம், நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் அந்த மெல்லிய சுவரை உரசிப் போகிறது. குடிக்கும் தண்ணீருக்காவது குடல் என்ற காவல் உண்டு. இங்கே அதுவும் இல்லை. குளோரமின் தங்கிவிட்டால் சிவப்பணுக்கள் உடையும். அலுமினியம் சேர்ந்தால் மூளையும் எலும்பும் பாதிக்கப்படும். சென்னை முகப்பேரில் வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. தண்ணீர் சுத்திகரிப்பான் இருக்கிறது, டயாலிசிஸ் ஆர்.ஓ. அதைவிடக் கறாரானது. அதற்குள் இருப்பதும் ஒரு பாலிமர் சவ்வு, பாலிஅமைடு. ஆக, ஒரு சவ்வை இன்னொரு சவ்வு காக்கிறது.

முகப்பேரின் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றிய சிறுநீரக மருத்துவர் ஜார்ஜி ஆபிரகாம், 1993இல் டேங்கர் அறக்கட்டளையை நிறுவியவர்களில் ஒருவர். வசதியற்றவர்களுக்கு டயாலிசிஸ் கிடைக்கச் செய்வது அதன் முக்கியப் பணி. வாரம் இரண்டு மூன்று தடவை என்றால் பணம் கரைந்துவிடும். அதனால் நம்மூரில் ஒரே நோயாளிக்கு ஒரே டயாலைசரைக் கழுவித் திரும்பப் பயன்படுத்துவது சகஜம். நோயாளியின் பெயர் ஒட்டி, பெராசிட்டிக் அமிலம் நிரப்பி வைப்பார்கள். இதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை, ஒழுங்காகச் செய்தால் பாதுகாப்பானதே. கழுவிய பிறகும் இழைகளுக்கு நடுவே பழுப்புக் கோடுகள் தெரிந்தால், அவை ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்ட இழைகள். உட்கொள்ளளவு ஆரம்ப அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

கூட இருப்பவர்கள் டெக்னீஷியனிடம் தயங்காமல் கேட்கலாம்: இது எத்தனையாவது தடவை, வால்யூம் எவ்வளவு இருக்கிறது, ஆர்.ஓ. தண்ணீரைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?